செருப்பைக் கழற்றி வை

பார்மரிலிருந்து ஜெய்சல்மேருக்கு நல்ல நெடுஞ்சாலை இருக்கிறது. சுமார் 150 கிலோமீட்டர். காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்தச் சாலையை விட்டு விலகி மேற்கே ஹர்சாணி, மியாஜ்லார், கூரி என்று சுற்றிக்கொண்டு இரண்டு நாளில் ஜெய்சல்மேரை அடைவது என்று நானும் நண்பரும் முடிவு செய்தபோது, பெட்ரோல் பங்க்கில் இருந்தவர் எங்களை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். அதுவும் ஜூன் மாதக் கடைசியில். "அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டார். "ஒன்றும் இல்லை, அதனால்தான் போகிறோம்" என்று நண்பர் பெருமையாகப் பதில் சொன்னார். சில ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

வண்டி ஒரு பழைய ஜிப்ஸி. 1985-ல் சந்தைக்கு வந்து, ராணுவத்துக்கும் போலீசுக்கும் வெகுகாலம் உழைத்த ரகம். குளிர்சாதனம் கிடையாது, கான்வாஸ் கூரை. நான்கு சக்கரங்களுக்கும் என்ஜினின் விசை போகும் என்பதுதான் அதன் ஒரே தகுதி. ஓட்டுநர் அந்தப் பக்கத்துக்காரர். அவருடைய தகப்பனார் ஒட்டகம் வைத்திருந்தவர், மகன் ஜீப்புக்கு மாறிவிட்டார். அவர் மட்டுமல்ல, ஊரே அப்படித்தான் மாறிக்கொண்டிருக்கிறது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் நாலு லட்சமாக இருந்த ஒட்டகங்கள், 2019-ல் இரண்டரை லட்சமாகக் குறைந்துவிட்டன. இடையில் 2014-ல் ராஜஸ்தான் அரசு ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தது. ஒரு பிராணிக்கு அரசு பட்டம் கொடுக்கிறது என்றால் அதற்குப் போதாத காலம் தொடங்கிவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

தார் ரோடு முடிந்த இடத்தில் ஓட்டுநர் இறங்கி, நான்கு டயர்களிலும் காற்றைத் திறந்துவிட்டார். பார்மரில் காசு கொடுத்து அடித்த காற்று. பாதிக்குப் பாதி போனபிறகுதான் மூடினார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு விளக்கினார்: "ஒட்டகத்தின் பாதத்தைப் பார்த்திருக்கிறீர்களா, ஸாப்? மண்ணில் வைக்கும்போது அகலும், தூக்கும்போது சுருங்கும். அதனால்தான் அவ்வளவு பெரிய உடம்பு புதைவதில்லை. டயரும் அப்படி அகல வேண்டும்."

அவர் சொன்ன மற்ற விதிகளும் எளிமையானவை. மணல்மேட்டில் நேராக ஏற வேண்டும், நேராக இறங்க வேண்டும். பக்கவாட்டில் போனால் வண்டி உருண்டுவிடும். ஏறும்போது பாதியில் நிற்கக் கூடாது. சக்கரம் புதைய ஆரம்பித்தால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கவே கூடாது. மிதிக்க மிதிக்க அது தனக்குத்தானே குழி வெட்டிக்கொள்ளும். இறங்கி, மண்வெட்டியால் மணலை வாரி, சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து, வந்த வழியிலேயே மெதுவாகப் பின்னால் எடுக்க வேண்டும். கடினமான மேடுகளை வெயில் ஏறுவதற்குள் கடந்துவிட வேண்டும், விடியற்காலையில் மணல் சற்றுக் கெட்டியாக இருக்கும். சுருக்கமாக, மணலில் பலம் செல்லாது, பக்குவம்தான் செல்லும்.

இதற்கு அந்தப் பிரதேசத்திலேயே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. 1971 டிசம்பரில் லோங்கேவாலா காவல் சாவடியை நோக்கிப் பாகிஸ்தானின் டாங்கிகளும் வண்டிகளும் இரவோடு இரவாக வந்தன. சாவடியில் இருந்தவர்கள் மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியும் பஞ்சாப் ரெஜிமெண்டின் சொற்ப வீரர்களும்தான். விடிந்தபோது பல டாங்கிகள் இளமணலில் சிக்கிக் கிடந்தன. ஜெய்சல்மேரிலிருந்து வந்த ஹண்டர் விமானங்களுக்கு அவை அசையாத இலக்குகளாயின. வரைபடத்தில் அது வெறும் சமவெளியாகத் தெரிந்திருக்கும். மணலை அறிந்தவன் யாராவது கூட வந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பான்.

தார் ரோடு ஏன் ஒரு குறிப்பிட்ட இடத்தில் முடிகிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2000-ல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் சமவெளியில் 500 பேருக்கு மேல் வசிக்கும் குடியிருப்புகளுக்குச் சாலை தருவதாகச் சொன்னது. பாலைவனத்தில் அந்த வரம்பை 250 ஆகக் குறைத்தார்கள். பெரிய சலுகைதான். இன்று மேற்கு ராஜஸ்தானில் முன்பு நினைத்துப் பார்க்க முடியாத இடங்களுக்கெல்லாம் கறுப்புச் சாலை போகிறது. ஆனால் இங்கே மக்கள் 'டாணி' என்ற சிறு குடியிருப்புகளாகச் சிதறி வாழ்கிறார்கள். நாலு குடும்பம், சில இடங்களில் ஒரே குடும்பம். 2011 கணக்குப்படி ஜெய்சல்மேர் மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 17 பேர். பரப்பளவில் அந்த மாவட்டம் கிட்டத்தட்ட கேரளாவுக்குச் சமம். அங்கே மூன்று கோடிக்கு மேல், இங்கே ஏழு லட்சத்துக்கும் குறைவு. டாணிக்கு 250 பேர் எங்கிருந்து வருவார்கள்?

ஆகவே தாருக்கு அப்பால் தடங்கள்தான். ஆட்டு மந்தைகளும் ஜீப்புகளும் பதித்த தடங்கள். நடுநடுவே முள்வேலிக்குள் வட்டமான மண் குடிசைகள், கூம்பு போன்ற புல் கூரை. வாசலில் கேஜ்ரி மரம். நம் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னிதான் அது. அங்கே அதன் இலை ஆட்டுக்கு, காய் மனிதனுக்கு, நிழல் எல்லோருக்கும். எருக்கும் உண்டு. எங்கு நிறுத்தினாலும் 'ராம் ராம் ஸா' என்று வரவேற்று, ஆட்டுப்பாலில் டீ போட்டுத் தந்தார்கள். எல்லையோரக் கிராமங்களில் சிலவற்றுக்கு அனுமதி வேண்டும் என்பதால் முன்கூட்டியே கேட்டு வாங்கியிருந்தோம். காவல் சாவடியில் எங்கள் பெயர்களை எழுதிக்கொண்ட ஜவான், "தண்ணீர் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். நாற்பது லிட்டர் என்றோம். தலையாட்டினார்.

முதல் நாள் பிற்பகலில் 'ஆந்தி' வந்தது. அடிவானத்தில் மஞ்சள் சுவர் எழும்பியது, பத்து நிமிடத்தில் எங்களை விழுங்கியது. முக்கால் மணி நேரம் வண்டிக்குள் துணியைப் போர்த்திக்கொண்டு கிடந்தோம். அது போனபிறகு பார்த்தால், நாங்கள் பின்தொடர்ந்து வந்த தடத்தையும் காணவில்லை. செல்போன் வெறும் கடிகாரமாகிவிட்டது. ஓட்டுநர் சூரியனைப் பார்த்துத் திசை சொன்னார். கண்ணில் மணல் விழுந்து எரிந்துகொண்டிருந்ததால், மேடு பள்ளம் இல்லாத அந்த இடத்தில் ஸ்டியரிங்கை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் சாய்ந்துகொண்டார்.

அப்போதுதான் அந்த இடத்தைக் கண்டேன். நாள் முழுவதும் மணலிலும் சரளையிலும் உருண்ட எங்களுக்கு அது ஒரு வரம் போலிருந்தது. துடைத்துவிட்டாற்போல் ஒரு தரை. புல் பூண்டு இல்லை, கல் இல்லை, ஒரு ஆட்டுப் புழுக்கை கூட இல்லை. சிமெண்டுத் தளம் போல இறுகிய மண், லேசாக ஒரு பக்கம் சரிந்திருந்தது. தள்ளி ஒரு ஓரத்தில் தரையோடு தரையாக வட்டமான மேடை ஒன்று. யாருடைய சமாதியோ என்று நினைத்தேன். வண்டியை அந்தத் தரையில் இறக்கினேன். வாலிப வயது திரும்பிவிட்டது. வேகமெடுத்தேன், பிரேக் போட்டு ஒரு அரை வட்டம் அடித்தேன். நண்பர் கைதட்டினார்.

எங்கிருந்தோ ஒரு அலறல் கேட்டது. முள்வேலியைத் தாண்டி ஒரு மூதாட்டி ஓடி வந்துகொண்டிருந்தார். கையில் கோல், முழங்கையிலிருந்து தோள் வரை வெள்ளை வளையல்கள். அந்த வயதில் அப்படி ஓடி நான் யாரையும் பார்த்ததில்லை. ஓட்டுநர் விழித்துக்கொண்டு வெளியே பார்த்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஸாப், வண்டியை எடுக்காதீர்கள். அசையாமல் இருங்கள்" என்று சொல்லிவிட்டு, செருப்பை வண்டியிலேயே கழற்றிப் போட்டு வெறுங்காலோடு இறங்கிப் போய்க் கைகூப்பி நின்றார். "மாஸா, தெரியாமல் நடந்துவிட்டது. வெளியூர்க்காரர்கள்."

மூதாட்டி அவரை விட்டுவிட்டு என்னிடம் வந்தார். மார்வாடியில் சரமாரியாக வந்த சொற்களில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான், நான் இறங்கக் காலை வைத்தபோது சொன்னது: "செருப்பைக் கழற்றி வை!"

நான் வித்தை காட்டிய இடம் அவர்கள் வீட்டின் தண்ணீர். சமாதி என்று நான் நினைத்தது 'டாங்கா' என்ற நிலத்தடித் தொட்டியின் மூடி. அந்தச் சுத்தமான தரை அதன் 'ஆகோர்', அதாவது மழைநீர் வழிந்து தொட்டிக்குள் இறங்குவதற்காக அமைத்த வரத்துப் பரப்பு. ஒவ்வொரு கோடையிலும் மழைக்கு முன் அதைச் செதுக்கி, சரிவு பார்த்து, களிமண் பூசி, தட்டி இறுக்கிப் பெருக்கி வைக்கிறார்கள். அதில் ஆடு மாடு ஏறக் கூடாது, யாரும் செருப்போடு நடக்கக் கூடாது. கோயில் பிராகாரத்துக்கு என்ன விதியோ அதே விதி. மூன்று நாள் முன்புதான் வேலையை முடித்திருந்தார்கள். நான் அதில் விரல் ஆழத்துக்கு நாலு தடங்களும் ஒரு அரை வட்டமும் போட்டிருந்தேன்.

நண்பர் பர்ஸை எடுத்தார். கிழவி அதைப் பார்த்த பார்வையில் அது தானாக உள்ளே போய்விட்டது. "நோட்டைத் தொட்டியில் போட்டால் தண்ணீர் ஆகுமா என்று கேட்கிறார்" என்றார் ஓட்டுநர், மெதுவாக.

பிறகு வேலை தொடங்கியது. மருமகளும் இரண்டு பேரப்பிள்ளைகளும் கூடையில் களிமண் கொண்டுவந்தார்கள். மண்ணைக் குழைக்கத் தண்ணீர் வேண்டுமே. டாங்காவில் போன வருஷத்து மழையின் அடித்தண்ணீர் மட்டும்தான் இருந்தது. அதை எடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. எங்கள் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தோம். பார்மரில் பிடித்து வந்த தண்ணீரில் இருபது லிட்டருக்கு மேல் அந்தச் சேற்றில் போயிற்று. வெறுங்காலில், சாயங்காலம் ஐந்து மணிக்கும் சுட்டுக்கொண்டிருந்த தரையில் குந்தி உட்கார்ந்து, தடத்தை நிரப்பி, மரக்கட்டையால் தட்டினோம். நான் தட்டிய பகுதியைப் பேரன் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டி மறுபடி தட்டினான். அவனுக்குப் பத்து வயது இருக்கலாம். சரிவு மாறினால் தண்ணீர் தேங்கும், தேங்கினால் வெயிலில் போய்விடும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. இருட்டும் வரை ஆயிற்று.

முடிந்தபிறகு மூதாட்டி டாங்காவின் மூடியைத் திறந்து ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்து, துணியில் வடிகட்டி எங்களுக்குக் கொடுத்தார். எங்கள் தண்ணீர் மண்ணுக்குப் போயிற்று. அவர்களுடைய தண்ணீர் எங்களுக்கு வந்தது. வாங்கக் கை கூசியது. வேண்டாம் என்று சொல்லி இன்னொரு தப்பு செய்ய வேண்டாம் என்று ஓட்டுநர் கண்ணால் சொன்னார். குடித்தேன். மழை வாசனை இருந்தது.

இரவு வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர். அந்த ஆகோர் இருபது மீட்டருக்கு இருபது மீட்டர் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 400 சதுர மீட்டர். வருஷம் முழுவதும் 150 மில்லிமீட்டர் பெய்தால் 60,000 லிட்டர். பாதி மண்ணிலும் வெயிலிலும் போனால்கூட 30,000 மிஞ்சும். நாளைக்கு எண்பது லிட்டர். ஒரு குடும்பமும் இரண்டு ஆடும் வருஷத்தைக் கடத்திவிடலாம். ஆனால் அந்த 150 மில்லிமீட்டர் நிதானமாகப் பெய்வதில்லை. நாலைந்து நாளில், சில மணி நேரங்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். அந்தச் சில மணி நேரத்துக்குத் தரை தயாராக இருக்க வேண்டும். ஒரு டயர் தடம் சிறிய வாய்க்கால் மாதிரி, தண்ணீரை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். நான் அரை நிமிடம் அனுபவித்த சந்தோஷம் அவர்களுடைய எத்தனை நாள் தண்ணீர் என்று கணக்கிட முயன்று, பாதியில் விட்டுவிட்டேன்.

இந்திரா காந்தி கால்வாய் இருக்கிறதே என்று கேட்கலாம். 1958-ல் வேலை தொடங்கி, பஞ்சாபின் ஹரிகேயிலிருந்து 1987-ல் ஜெய்சல்மேர் மாவட்டத்துக்கு நீரைக் கொண்டுவந்த பெரும் சாதனை அது. ஆனால் கால்வாயும் சாலையைப் போலத்தான், ஆள் அதிகம் இருக்கும் பக்கமே போகிறது. டாணிக்கு டாங்காதான். இது அரசுக்கும் தெரியாததல்ல, நூறு நாள் வேலைத் திட்டத்தில் பார்மர் மாவட்டத்தில் ஏராளமான டாங்காக்கள் கட்டப்பட்டிருக்கின்றன.

தில்லி காந்தி அமைதி நிறுவனத்தில் இருந்த அனுபம் மிஸ்ரா, ராஜஸ்தானின் மழைத்துளிகளைப் பற்றி 1995-ல் இந்தியில் ஒரு புத்தகம் எழுதினார். 2016-ல் காலமானார். அந்த மக்கள் தண்ணீரையே மூன்று வகையாகப் பிரித்துப் பெயர் வைத்திருப்பதை அவர் விவரிக்கிறார். மேலே ஓடித் தேங்குவது 'பாலர்', ஆழத்தில் கிடப்பது 'பாதாள்', இரண்டுக்கும் நடுவே, ஜிப்சப் படலத்தின் மேல் ஈரமாகத் தங்கி நிற்பது 'ரேஜாணி'. அந்த ஈரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க 'கூயீ' என்று ஆள் ஒருவர் மட்டுமே இறங்கக்கூடிய குறுகலான கிணறுகளைத் தோண்டினார்கள். நிலத்தைப் படித்தவர்களின் சாமர்த்தியம் இது. படிக்க மறந்தால் என்ன ஆகும் என்பதை 2006 ஆகஸ்டில் பார்மர் பக்கத்துக் கவாஸ் கிராமம் காட்டியது. பெருமழையில் தண்ணீர் பழைய ஆற்றுத் தடத்தைத் தேடி வந்து ஊரை மூழ்கடித்தது. அடியில் இருந்த அதே ஜிப்சப் படலம் அதை மண்ணுக்குள் இறங்கவிடாததால் மாதக் கணக்கில் வடியவில்லை. அந்த வெள்ளத்தில் ராஜஸ்தானில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

ஜீப்பின் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது இதெல்லாம் தெரிவதில்லை. தெரிவது ஒன்றுதான்: காலி இடம். ஜீப்பில் போகிறவருக்கு மட்டும் வந்த பார்வைக் கோளாறு அல்ல இது. வருவாய்த் துறைப் பதிவேட்டில் மேய்ச்சல் நிலமும், தேவிக்கு நேர்ந்துவிட்டு மரத்தை வெட்டாமல் காத்துவரும் 'ஓரண்' காடுகளும் பல இடங்களில் வெறும் தரிசு என்றே எழுதப்பட்டிருக்கின்றன. தரிசு என்று எழுதிவிட்டால் அதை யாருக்கும் கொடுத்துவிடலாம். பலோதிக்கு அருகே பாட்லாவில் 2,245 மெகாவாட் சூரிய மின் பூங்கா வந்தது. ஜெய்சல்மேரிலும் காற்றாலைகளும் சூரியத் தகடுகளும் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கின்றன. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும், அதுவும் புகையில்லாத மின்சாரம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் எந்தத் தரையில் தூண் நடுகிறோம் என்று அங்கிருக்கும் கிழவியை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? ஓரண்களை அளந்து வரைபடத்தில் ஏற்றிக் காடுகளாக அறிவிக்கும்படி உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ராஜஸ்தானுக்கு உத்தரவிட்டது. நூற்றாண்டுக் கணக்கில் மக்கள் காத்துவந்த ஒன்று இருக்கிறது என்று நிரூபிக்க நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

பாலைவனத்துக்கு ஜீப்பில் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போக வேண்டும். நெடுஞ்சாலையிலிருந்து பார்த்து இந்த நாட்டைப் புரிந்துகொள்ள முடியாது. ஆனால் தடம் இருந்தால் தடத்திலேயே போங்கள். அது பழைய காரணங்களுக்காக அங்கே வளைகிறது. தடம் இல்லாவிட்டால் நின்று யாரையாவது கேளுங்கள், பாலைவனத்தில் ஆள் இல்லாத இடம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. மணலிலும் சரளையிலும் வண்டி குலுங்குகிறதா, கவலை வேண்டாம். தரை திடீரென்று வழவழப்பாகி, சுத்தமாகி, ஓட்டச் சுகமாக இருக்கிறதா, உடனே பிரேக்கில் கால் வையுங்கள்.

மறுநாள் விடியுமுன் கிளம்பினோம். ஓட்டுநர்தான் ஓட்டினார், நான் கேட்கவும் இல்லை. கூரியைத் தாண்டித் தார் ரோடு வந்ததும் டயரில் மறுபடி காற்றடித்தார். ஜெய்சல்மேர் கோட்டை தெரிந்தபோது நண்பர், "அந்த பெட்ரோல் பங்க்காரருக்கு இப்போது என்ன சொல்வது?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

முன்பெல்லாம் பேப்பரில் மழை அளவுப் பட்டியல் வரும் பத்தியைப் பார்த்ததே இல்லை. இப்போது ஒவ்வொரு ஜூலையிலும் பார்மர் என்ற பெயரை அதில் தேடுகிறேன். அந்த வருஷம் ஜூலை இரண்டாம் வாரத்தில் 34 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தார்கள். நான் தட்டிய பகுதி தாங்கியதோ இல்லையோ, அந்தப் பையன் தட்டியது தாங்கியிருக்கும்.